முடிவுள்ள ஆட்டம்

நம் மன்றத்தின் அறிவிப்புப் பலகையில் சென்ற வாரம் ஒரு தாள் ஒட்டப்பட்டது. வரும் பொங்கல் விழாவில் கோலப் போட்டி, பேச்சுப் போட்டி, உறியடி ஆகியவற்றோடு இவ்வாண்டு முதன்முதலாக வீடியோ விளையாட்டுப் போட்டியும் நடைபெறும் என்றும், அது கைப்பேசியில் ஆடும் துப்பாக்கிச் சண்டை ஆட்டம் என்றும், நால்வர் நால்வராகக் குழு சேர்ந்து பெயர் கொடுக்கவேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. செயற்குழுவில் நான் ஒருவன் மட்டும் அதனை எதிர்த்தேன். "அண்ணனுக்கு வயதாகிவிட்டது, மேரியோவை விட்டு வெளியே வரமாட்டார்" என்று முதலாண்டுத் தம்பி ஒருவர் சொல்ல, அவை சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் சிரிப்பு ஓய்ந்த பின்னும் என் எதிர்ப்பு ஓயவில்லை. "வாயால் சொன்னதை எழுத்தில் தாருங்கள், மலரில் வெளியிடுகிறோம்" என்றார் இதழாசிரியர். அதன் விளைவே இக்கட்டுரை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வீடியோ விளையாட்டே கூடாது என்பார் கட்சியைச் சேர்ந்தவன் அல்லன் நான். அந்தக் கட்சியார் என் வீட்டிலேயே இருந்தார்கள். அவர்களோடு வாதாடித்தான் வளர்ந்தேன். பழையன எல்லாம் பொன், புதியன எல்லாம் பித்தளை என்று சொல்பவனும் அல்லன். ஓர் ஆட்டத்தை எடை போட வேண்டுமானால், அது எந்த ஆண்டில் பிறந்தது என்று பார்ப்பதில் பயனில்லை. அது ஆடுபவனை எப்படி நடத்துகிறது என்றே பார்க்கவேண்டும். இதுதான் என் வாதம். மற்றவை எல்லாம் இதற்குச் சான்றுகள்.

நம்மில் பலர் வீட்டில் அந்தக் கறுப்புப் பெட்டி இருந்திருக்கும். பொருட்காட்சியிலோ தேர்த்திருவிழாக் கடையிலோ வாங்கியது. நாம் அதனை 'டிவி கேம்' என்போம். மஞ்சள் நிறக் 'கேசட்' ஒன்றைச் செருகினால், 9999 ஆட்டங்கள் என்று திரையில் பட்டியல் வரும். நான்கு பக்கம் தள்ளிப் பார்த்தால்தான் தெரியும், பத்து இருபது ஆட்டங்களே வெவ்வேறு பெயரில் திரும்பத் திரும்ப வருகின்றன என்பது! படம் வராவிட்டால் கேசட்டைக் கழற்றி ஊதுவோம். ஊதியதால் பயனில்லை, கழற்றி மீண்டும் செருகியதால்தான் படம் வந்தது என்பதைப் பல்லாண்டுகள் கழித்துத்தான் அறிந்தேன். அந்தப் பெட்டி, ஜப்பானில் 1983இல் நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட ஃபேமிகாமின் போலி; அந்த ஆட்டங்கள் பெரும்பாலும் உரிமையின்றி எடுத்த நகல்கள். அவற்றை ஆக்கியோருக்கு நம் பணத்திலிருந்து ஒரு காசும் போகவில்லை. அறியாப் பருவத்தில் செய்தது எனினும், இதனைச் சொல்லாமல் பழம்பெருமை பேசுவது நேர்மையாகாது.

சரி, அந்த ஆட்டங்களில் அப்படி என்ன இருந்தது? என் விடை: நெருக்கடி இருந்தது. 1985இல் வெளிவந்த 'சூப்பர் மேரியோ பிரதர்ஸ்' முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கிவிட்டது. இன்று 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' என்னும் ஆட்டத்தைக் கணினியில் ஏற்ற 150 ஜிகாபைட் இடம் வேண்டும். அதாவது அந்த ஓர் ஆட்டம் கொள்ளும் இடத்தில் மேரியோவை 35 இலட்சம் முறைக்கு மேல் வைக்கலாம். இடம் இல்லாதவன் என்ன செய்வான்? ஒரே வடிவத்துக்கு வெள்ளை நிறம் பூசி மேலே வைத்தான், அது மேகம். பச்சை நிறம் பூசிக் கீழே வைத்தான், அது புதர். எத்தனை ஆண்டுகள் ஆடினோம்! மேகமும் புதரும் ஒன்றே என்பதை நம்மில் எத்தனை பேர் கண்டோம்?

1978இல் டைட்டோ நிறுவனத்துக்காக டோமோஹிரோ நிஷிகாடோ ஆக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' இன்னும் வியப்பானது. வேற்றுலகப் படை வரிசை வரிசையாக இறங்கி வரும். நாம் சுட்டு வீழ்த்தவேண்டும். அன்றைய சில்லுக்கு அத்தனை உருவங்களையும் விரைவாக வரையும் ஆற்றல் இல்லை. ஆகவே படை முழுமையாக இருக்கையில் மெல்ல நகரும். வீழ வீழ, வரையவேண்டியவை குறைந்து, எஞ்சியவை விரையும். கடைசி ஒன்று பாய்ந்தோடும். இது பொறியின் குறை. நிஷிகாடோ அதனைத் திருத்தாமல் விட்டார். குறையே ஆட்டத்தின் உயிர் ஆயிற்று. வெற்றியை நெருங்க நெருங்க நெஞ்சு படபடக்கும் அந்த அனுபவத்தை எந்தத் திட்டக்குழுவும் வகுக்கவில்லை; ஓர் ஏழைப் பொறி தந்தது.

இன்னொன்றும் சொல்கிறேன். 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' 1989இல் வந்தது. ஜோர்டன் மெக்னர் தம் தம்பியை ஓடவும் தாவவும் சொல்லிப் படம் பிடித்து, அப்படத்தைப் பார்த்து ஒவ்வோர் அசைவாக வரைந்து அந்த இளவரசனை ஆக்கினார். ஆட்டத்துக்குப் பகைவன் ஒருவன் வேண்டும். ஆனால் ஆப்பிள் II பொறியின் நினைவகத்தில் புதிதாக ஓர் உருவத்தை வைக்க இடம் இல்லை. என்ன செய்தார்? இளவரசனின் உருவத்தையே சற்று நகர்த்தி அதன்மேலேயே பொருத்தி, ஒரு நிழல் மனிதனைப் பெற்றார். கதையில் அவன் கண்ணாடியிலிருந்து வெளிப்படுகிறான். வாளால் அவனை வெட்டினால் வெட்டு நமக்கே விழும். வாளை உறையில் இட்டு அவனை நோக்கி நடந்தால்தான் இருவரும் ஒருவராவர். தன் பகை தானே என்னும் இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? நினைவகத்தில் இடமில்லாமையிலிருந்து வந்தது! இல்லாமை சிலரை முடக்கும். சிலரைச் சிந்திக்க வைக்கும்.

இவ்வளவு சொன்னதால் பழைய ஆட்டங்களின் குறைகளை மறைக்கிறேன் என்று எண்ண வேண்டா. மறைக்கமாட்டேன். கடைவீதிகளில் நாணயம் போட்டு ஆடிய அந்தப் பழைய பொறிகள் பேராசையற்ற துறவிகள் அல்ல. ஆட்டத்தை அளவுக்கு மீறிக் கடினமாக்கியதன் நோக்கம், ஆடுபவன் விரைவில் தோற்று அடுத்த நாணயத்தைப் போடவேண்டும் என்பதே. 1982இல் அட்டாரி நிறுவனம் ஒரு திரைப்படத்தின் பெயரை விற்பதற்காக 'ஈ.டி.' ஆட்டத்தை ஏறத்தாழ ஐந்தே வாரத்தில் எழுதி வாங்கியது. விற்காத பேழைகளை நியூ மெக்சிகோ பாலைநிலத்தில் கொண்டுபோய்ப் புதைத்தது. 2014இல் தோண்டி எடுத்தார்கள். பேராசையும் அவசரமும் இன்று பிறந்தவை அல்ல. பெண்களுக்குப் பழைய ஆட்டங்கள் தந்த இடமும் நாம் அறிந்ததே: கோட்டையில் அடைபட்டு, மீட்க வருவோனுக்குக் காத்திருக்கும் இளவரசி!

புதியவற்றின் சிறப்பையும் சொல்லத்தான் வேண்டும். 2020இல் வெளிவந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் II' ஆட்டத்தில், கண் தெரியாதவரும் காது கேளாதவரும் கை முழுமையாக இயங்காதவரும் ஆடுதற்கேற்ப 60க்கு மேற்பட்ட வசதிகள் இருந்தன. நம் மேரியோவில் இப்படி ஒன்றேனும் உண்டா? ஒரு நொடி தவறினால் பள்ளம், அவ்வளவுதான். தனி ஒருவராக எரிக் பாரோன் ஆண்டுக்கணக்கில் உழைத்து 2016இல் வெளியிட்ட 'ஸ்டார்டியூ வேலி' என்னும் உழவு ஆட்டம், பெரிய நிறுவனங்களால் மட்டுமே நல்லது செய்யமுடியும் என்ற எண்ணத்தைப் பொய்யாக்கியது. ஆகவே பழமைக்கும் புதுமைக்கும் இடையே சண்டை மூட்டுவது என் நோக்கம் அன்று.

பின் எதனை எதிர்க்கிறேன்? முடிவில்லாமையை எதிர்க்கிறேன்.

பழைய ஆட்டம் முடிந்தது. வென்றோ தோற்றோ முடிந்தது. 'காண்ட்ரா'வில் மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம் என்று அந்த மந்திரத்தை அழுத்தி 30 உயிர் பெற்றாலும், முப்பதும் ஒருநாள் தீர்ந்தன. தீர்ந்ததும் பெட்டியை அணைத்துவிட்டு வெளியே ஓடினோம். முடிவே இல்லாதபடி அமைத்த ஆட்டமும் தன் எல்லையில் நின்றது. 1980இல் வந்த 'பேக்மேன்' 256ஆம் சுற்றை அடைந்தால், எண்ணிக்கை வைக்கும் இடம் நிரம்பிவழிந்து, திரையின் பாதி குப்பை எழுத்துகளாகச் சிதறும். அதற்குமேல் போகமுடியாது.

மாஸ்கோவில் அறிவியல் கழகத்தின் கணிப்பு மையத்தில் பணியாற்றிய அலெக்சி பஜித்னோவ் 1984இல் ஆக்கிய 'டெட்ரிஸ்' இதற்கு மிகச் சிறந்த சான்று. அவரிடம் இருந்த பொறி படமே வரையாது. ஆகவே அடைப்புக்குறிகளைக் கொண்டே கட்டைகளை அமைத்தார். உலகமெல்லாம் ஆடிய அந்த ஆட்டத்துக்கு உரிமைத் தொகை அவர் கைக்கு வரத் தொடங்கியது 1996இல்தான்! அந்த டெட்ரிஸின் 1989ஆம் ஆண்டு நிண்டெண்டோ பதிப்பில் 29ஆம் நிலைக்கு மேல் மனிதக் கை எட்டாது என்று நெடுங்காலம் நம்பினார்கள். பிறகு விசையை அழுத்துவதில் புதுப்புது முறைகளைக் கண்டார்கள். 2023 டிசம்பரில் அமெரிக்காவின் ஒக்லஹோமாவைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் ஒருவன் 157ஆம் நிலைவரை சென்றான். அங்கே ஆட்டம் உறைந்து நின்றது. 34 ஆண்டுகளாக மனிதரை வென்றுவந்த ஆட்டம் ஒரு சிறுவனிடம் தோற்றது. அவனிடம் இருந்தவை பத்து விரல்களும் பொறுமையும். எவரும் அவனுக்குச் சிறப்பு ஆயுதம் விற்கவில்லை.

இப்போது நம் விடுதிக்கு வாருங்கள். என் அறைக்கு இரண்டு அறை தள்ளி ஒரு தம்பி இருக்கிறார். பெயர் வேண்டா, அவர் இசைவோடுதான் இதனை எழுதுகிறேன். சென்ற பருவத்தில் மெஸ் கட்டணம் கட்டவேண்டிய நாள் கடந்தும் அவர் கட்டவில்லை. வீட்டில் பணம் அனுப்பவில்லையோ என்று நாங்கள் சிலர் சேர்ந்து கொடுக்கப் போனோம். பணம் வந்திருந்தது. ஆறாயிரம் ரூபாய், மூன்று இரவுகளில், கைப்பேசி ஆட்டம் ஒன்றில் சுழலும் சக்கரத்துக்குப் போய்விட்டது. அவர் வேண்டியது ஒரு துப்பாக்கியின் மேல் பூசும் நிறம். அந்த நிறத்தால் குண்டு விரைந்து போகாது. குறி தவறாது என்பதும் இல்லை. வெறும் நிறம்! நேராக விலை சொல்லி விற்றிருந்தால் அவர் வாங்கியிருக்கமாட்டார். சக்கரத்தைச் சுற்றினால் கிடைக்கலாம் என்றார்கள், சுற்றினார். அருகில் வந்து தவறியது, மறுபடியும் சுற்றினார். "அண்ணே, ஆடியது கூட இல்லை, சுற்றிக்கொண்டே இருந்தேன்" என்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவரை முட்டாள் என்பீர்களா? அவர் கணிதத் துறை மாணவர். நிகழ்தகவு பாடத்தில் முதன்மை மதிப்பெண். அறிவு இருந்தும் விழுந்தார் என்றால், பள்ளம் அத்தனைத் திறமையோடு வெட்டப்பட்டிருக்கிறது என்பதே பொருள். தினமும் வந்தால் பரிசு. ஒருநாள் தவறினால் பரிசு அறுபடும். இந்தப் 'பருவம்' முடிவதற்குள் இத்தனைப் படி ஏறாவிட்டால் கட்டிய பணம் வீண். நண்பர் மூவர் காத்திருக்கிறார்கள், நீ மட்டும் வரவில்லை என்று நள்ளிரவில் ஓர் அறிவிப்பு. இது விளையாட்டா, வருகைப்பதிவேடா? வகுப்பில் 75 விழுக்காடு வருகை கேட்டாலே போர்க்கொடி தூக்கும் நாம், ஒரு கைப்பேசிக்கு நூறு விழுக்காடு வருகை தருகிறோம்!

பழைய நாணயப் பொறியும் காசு பறித்ததே என்பீர்கள். பறித்தது. ஆனால் அது கடையில் நின்றது. நம் தலையணைக்கு அடியில் கிடக்கவில்லை. கையில் நாணயம் தீர்ந்தால் அதுவும் தீர்ந்தது. எந்த நாணயத்துக்கு எத்தனை உயிர் என்பதில் சூதும் இல்லை. பெல்ஜிய நாட்டின் சூதாட்ட ஆணையம் 2018இலேயே, பணம் கட்டித் திறக்கும் இத்தகைய பரிசுப் பெட்டிகள் சிலவற்றைச் சூதாட்டம் என்றே கூறிவிட்டது. நம் நாட்டிலும் 2025 ஆகஸ்டில் பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டம் நிறைவேறியது. நல்லதே. ஆனால் சட்டம் பந்தயத்தைத் தடுக்கலாம், பழக்கத்தைத் தடுக்காது. பழக்கத்தைத் தடுக்கவேண்டியவர்கள் நாம். நாமோ அதற்கு மேடை போட்டு, மாலை சூட்டி, மன்றத்தின் பெயரால் கோப்பையும் கொடுக்கப் போகிறோம்!

இரண்டாவதாக ஒரு கேள்வி. நாம் வாங்கும் ஆட்டம் நமக்கு உரியதா?

கேசட் நமக்கு உரியதாக இருந்தது. பெரியப்பா மகன் கேட்டால் கொடுத்தோம். திருப்பித் தராவிட்டால் சண்டை போட்டோம். இன்று பணம் கட்டினால் கிடைப்பது பொருளன்று, அனுமதி மட்டுமே. யூபிசாஃப்ட் நிறுவனம் 2014இல் வெளியிட்ட 'தி க்ரூ' என்னும் காரோட்டும் ஆட்டத்தைத் தனியாக ஆடுவதற்கும் அந்நிறுவனத்தின் கணினியோடு தொடர்பு வேண்டும். 2024 மார்ச் 31 அன்று அந்தத் தொடர்பை நிறுத்தினார்கள். பணம் கொடுத்து வாங்கியவர் அனைவரும் அன்றோடு வெறுங்கையர் ஆயினர். இதனால் எழுந்த கிளர்ச்சியில், 'விளையாட்டுகளைக் கொல்லாதீர்' என்ற முறையீட்டில் ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் 10 இலட்சத்துக்கு மேற்பட்டோர் 2025 ஜூலைக்குள் கையெழுத்திட்டனர். கலிஃபோர்னியா மாநிலத்திலோ, கிடைப்பது வெறும் அனுமதிதான் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குக' என்று பொத்தான் வைக்கக்கூடாது என்னும் சட்டம் 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. 'வாங்குக' என்ற சொல்லுக்கே விளக்கம் கேட்கும் காலம் வந்துவிட்டது பாருங்கள்!

பழையவை மட்டும் பாதுகாப்பாக இருக்கின்றனவா? அதுவும் இல்லை. அமெரிக்காவில் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்னும் அமைப்பு 2023இல் ஆய்வு ஒன்றை வெளியிட்டது. 2010க்கு முன் அந்நாட்டில் வெளிவந்த ஆட்டங்களுள் 87 விழுக்காடு இன்று எந்தக் கடையிலும் விற்பனையில் இல்லை என்பது அதன் முடிவு. நான் முன்னே சொன்ன இளவரசன் ஆட்டத்தின் மூல எழுத்துகளே தொலைந்துபோய், 2012இல் மெக்னரின் தந்தையார் வீட்டு அலமாரியில் ஒரு பெட்டிக்குள் பழைய வட்டுகளாகக் கிடைத்தன. வல்லுநர் சிலர் அவற்றைப் படித்து மீட்டனர். அவர் அதனை உலகுக்கே திறந்து வைத்தார். அந்த அலமாரியை ஒரு பொங்கலுக்குத் துப்புரவு செய்திருந்தால்? நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரலும் இலக்கியப் படைப்பாகவே கொள்ளப்படுகிறது. ஆக்கியோர் மறைந்து 60 ஆண்டுகள்வரை உரிமை நீடிக்கும். காந்த வட்டுக்கு அத்தனை ஆயுள் இல்லை. உரிமை முடியும் நாளில் உள்ளே படிக்க ஒன்றும் இராது. கரையான் அரித்த ஏடுகளின் கதையை அறிந்த நமக்கு இதனை விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை.

பொருள் இருந்தாலும் போதாது. அதனை இயக்கும் சூழலும் வேண்டும் என்பதை நானே பட்டறிந்தேன். சென்ற கோடை விடுமுறையில் ஊருக்குப் போனபோது, பரணிலிருந்து பழைய டிவி கேமை இறக்கினேன். வாத்துச் சுடும் துப்பாக்கியும் பழுதின்றி இருந்தது. அக்காள் மகனை அருகில் அமர்த்திப் பெருமையோடு வீட்டின் புதிய தட்டைத் தொலைக்காட்சியில் இணைத்தேன். வாத்துகள் பறந்தன. சுட்டோம், சுட்டோம், ஒன்றும் விழவில்லை. "மாமா, உனக்குச் சுடத் தெரியாது" என்று அவன் எழுந்து போய்விட்டான். பிறகு காரணத்தைத் தேடிப் படித்தேன். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் இருண்டு, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் ஒன்று தோன்றும். துப்பாக்கியின் வாயில் உள்ள கண், அந்த ஒளியைக் காண்கிறதா என்று பார்க்கும். பழைய குழாய்த் தொலைக்காட்சி அந்த ஒளியை உடனே காட்டும். புதியது படத்தை உள்ளே வாங்கிச் சீர்செய்து சற்றுத் தாமதித்தே காட்டும். அதற்குள் துப்பாக்கி 'இல்லை' என்று முடிவு செய்துவிடும். ஆட்டம் இருக்கிறது, துப்பாக்கி இருக்கிறது, வாத்தும் பறக்கிறது. ஆனால் அவை பேசிக்கொண்ட மொழி போய்விட்டது.

மொழி என்றதும் புதிய ஆட்டம் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2023இல் டொராண்டோவின் விசை கேம்ஸ் என்னும் சிறு குழு வெளியிட்ட 'வெண்பா'. 1980களில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. வெண்பா என்பவள் தன் தாயின் சமையற்குறிப்பேட்டைக் கொண்டு வந்திருக்கிறாள். அதில் ஏடுகள் கிழிந்தும் எழுத்துகள் அழிந்தும் போயிருக்கின்றன. இட்லி எப்படி வார்ப்பது, புட்டு எப்படி அடுக்குவது என்று மிஞ்சிய குறிப்பிலிருந்து நாம் ஊகித்துச் செய்யவேண்டும். அதுவே ஆட்டம். இடையே மகன் கவின் வளர்கிறான். தமிழ் அவனை விட்டு விலகுகிறது. சில மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். சக்கரம் இல்லை, பருவக் கட்டணம் இல்லை, நாளை வா என்ற மிரட்டல் இல்லை. 2024இல் பிரிட்டிஷ் திரைப்படக் கழகமான பாஃப்டா, சிறந்த முதல் படைப்புக்கான விளையாட்டு விருதை இதற்கு அளித்தது. சொந்த ஊரைவிட்டு இங்கே வந்து, தயிர்சோற்றுக்கு ஏங்கும் நமக்கு இதைவிட நெருங்கிய ஆட்டம் எது? முடித்துவிட்டு அன்றிரவு வீட்டுக்கு அழைத்து, "அம்மா, புளிக்குழம்புக்கு எவ்வளவு புளி?" என்று கேட்டேன். "கை அளவுதான், அதை எப்படிச் சொல்ல?" என்றார். அந்த ஆட்டத்தின் பொருள் எனக்கு அப்போதுதான் முழுமையாக விளங்கிற்று.

நண்பர்களே, இதனால்தான் பழமை, புதுமை என்ற பிரிவு பயனற்றது என்றேன். நாற்பது ஆண்டுக்கு முந்தைய டெட்ரிஸும் நேற்று வந்த வெண்பாவும் ஓரினம். இரண்டும் நம்மை மதிக்கின்றன. தமக்குத் தெரிந்ததைத் தருகின்றன. முடிந்ததும் போய் வா என்று அனுப்பிவிடுகின்றன. முடிவில்லாமல் பிடித்து வைத்துக்கொள்ளும் ஆட்டம் எத்தனை அழகானதாயினும், எத்தனைக் கோடி செலவில் ஆனதாயினும், வேறினம்.

குறை கூறுவதோடு நில்லாமல் மாற்று வழியும் சொல்லவேண்டும் என்று செயலாளர் கேட்டார். சொல்கிறேன். பொங்கலன்று மன்ற அறையில் ஒரு பழைய குழாய்த் தொலைக்காட்சியை வைப்போம். விடுதிக் கிடங்கில் ஒன்று தூசி படிந்து கிடக்கிறது. வார்டன் தர இசைந்திருக்கிறார். என்னிடம் பெட்டி இருக்கிறது. கைப்பிடி இரண்டும் வேலை செய்கின்றன. இருவர் இருவராக 'காண்ட்ரா'. தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் தரவேண்டும். நால்வர் குழு வேண்டா. 30,000 ரூபாய்க் கைப்பேசி வேண்டா. அறிவிப்புப் பலகையில் பெயர் கொடுத்த ஏழு குழுக்களில் மாணவியர் குழு ஒன்றே ஒன்று. எளிய கைப்பேசி வைத்திருக்கும் முதலாண்டினர் ஒருவரும் இல்லை. இதனை நீங்களே போய்ப் பார்க்கலாம். ஒரே திரைமுன் இருபது பேர் கூடி, ஆடுபவனுக்கு யோசனை சொல்லிக் கூச்சலிடும் ஆட்டமே விழாவுக்கு ஏற்றது. ஆளுக்கொரு திரையில் தலை கவிழ்ந்து கிடப்பதற்கு விழா எதற்கு? அதனைத்தான் நாள்தோறும் செய்கிறோமே!

மாலையில், விலை கொடுத்து வாங்கிய வெண்பாவைப் பெரிய திரையில் ஓட்டுவோம். கிழிந்த குறிப்பை எல்லோரும் சேர்ந்து படித்து, அடுத்து என்ன போடுவது என்று வாதிடலாம். அந்த வாதத்தில் திருநெல்வேலிக்கும் கோயம்புத்தூருக்கும் போர் மூளும்; மூளட்டும். வாத்துத் துப்பாக்கியையும் கொண்டுவருகிறேன். குழாய்த் தொலைக்காட்சியில் அது மீண்டும் பேசும் என்று நம்புகிறேன்.

மெஸ் கட்டணத் தம்பியிடம் இத்திட்டத்தைச் சொன்னேன். "முதல் ஆட்டம் எனக்கு" என்றார். ஆறாயிரத்தையும் எங்களுக்குத் தவணையில் திருப்பித் தந்துகொண்டிருக்கிறார். இன்னும் ஆயிரத்து ஐந்நூறு பாக்கி. அவரை மேரியோவை விட்டு வெளியே வராத கிழவன் என்று எவரும் சொல்லமாட்டார்கள், வயது பத்தொன்பது. செயற்குழு வரும் வெள்ளியன்று மீண்டும் கூடுகிறது. அங்கே ஒரு கை அல்ல, இரண்டு கைகள் உயரும். மற்றவர்களும் எண்ணிப் பாருங்கள்.